முத்துக்குளித்துறையும் இரு நாட்டுக் கடற்காவலும்

இலக்கிய விழா மேடையில் கடற்படை ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் அவையில் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்குத் தமிழ் மரபே விடை கூறும். கடலையும் கடல் சார்ந்த நிலத்தையும் ஒரு திணையாக வகுத்து, அதற்கு இரங்கலை உரிப்பொருளாக்கியவர் தமிழர். நெய்தலின் துயர் கரையில் நின்று வழிபார்ப்பவளின் துயர். சென்றவன் மீள்வானா என்ற ஒரு வினாவே அத்திணையின் உயிர். இந்நாளில் அரசுகள் கடற் பாதுகாப்பு என்று பெயரிட்டு எழுதும் ஒப்பந்தங்கள் அனைத்தும், எத்தனை பக்கங்களில் எழுதப்பட்டாலும், முடிவில் விடை சொல்ல வேண்டியது அந்த வினாவுக்கே. சென்றவன் மீள்வானா? தூத்துக்குடிக் கரையில் நின்று இவ்வினாவை எழுப்புவதே இவ்வுரையின் நோக்கம்.

முத்துக்குளித்தல் நடந்த முறையை முதற்கண் நினைவுகூர்தல் நலம். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் கடல் தெளிந்து கிடக்கும் பங்குனி, சித்திரைத் திங்கள்களே அதற்குரிய பருவம். தூத்துக்குடிக்கு எதிரே தொளாயிரம் பார் முதலிய பார்களில், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், சிப்பிகள் படிந்திருக்கும். குளிப்பவர் காலிற் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவார். கயிற்றை அசைத்ததும் மேலே தோணியில் இருப்பவர் இழுத்துவிட வேண்டும். சற்றே கண்ணயர்ந்தாலும், சற்றே மனம் மாறினாலும், கீழே இருப்பவர் திரும்பமாட்டார். ஆகவே கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று இக்கரையில் சொல்லப்படுவதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலிக்குத் தீங்கு நேர அவன் விடமாட்டான் என்பது அதன் கருத்து. உடன்பிறந்தவன் கையிலும் கொடுக்காத உயிரை மைத்துனன் கையில் கொடுத்த அறிவு நுட்பமானது. அன்பை மட்டும் நம்பாமல், தனக்கு வரும் கேடு அவனுக்கும் கேடாகும்படி அமைந்த உறவை நம்பிய அறிவு அது. இரண்டு நாடுகளுக்கிடையே அமையும் பாதுகாப்பு உறவுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கிடைப்பது அரிது.

இக்கடலின் பழைமை அனைவரும் அறிந்ததே. பாண்டியரின் கொற்கை முத்தை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் போற்றும். கௌடிலியரின் பொருள்நூல் பாண்டிய நாட்டு முத்தையும் தாம்பிரபரணி முத்தையும் சுட்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்ளூஸ், கொற்கையைக் கொல்கோய் எனக் குறித்துவிட்டு, அங்கே முத்தெடுப்போர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் ஒரு செய்தி சொல்கிறது. முத்தைப் பாடிய ஏடுகள் பல. மூழ்கியவன் யார் என்று கேட்ட ஏடு இந்த அயல்நாட்டு மாலுமியின் குறிப்பேடு ஒன்றே போலும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மூழ்குவோரைச் சுறாவினின்று காக்க மந்திரம் ஓதுவோர் இருந்ததையும், அவர்களுக்கு எடுத்த முத்தில் பங்கு அளிக்கப்பட்டதையும் எழுதிச் சென்றார். கடற்கட்டி எனப்பட்ட அவர்களைப் பிற்கால ஆங்கிலேய ஆட்சியும் விலக்கவில்லை. சுறா வாயைக் கட்டுவோர் கரையில் இல்லாவிட்டால் தோணியை விட்டு இறங்க மாட்டோம் என்று குளிப்போர் நின்றதே காரணம். கடற்காவலுக்கு அரசு கூலி கொடுத்த மிகப் பழைய முறைகளுள் இதுவும் ஒன்று எனலாம். காவல் என்பது காக்கப்படுபவன் நம்பும்படி இருக்க வேண்டும் என்ற உண்மையை அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டில் இக்கரையோர் முதன்முறையாகக் கடல் கடந்த வல்லரசு ஒன்றிடம் பாதுகாப்பு வேண்டினர். முத்துப் பார்களின் உரிமை பற்றிய பூசல்களால் நலிந்த பரதவர், 1535ஆம் ஆண்டளவில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். துணை கிடைத்தது. அதற்கு ஈடாக அவர்கள் சமயம் மாறினர். 1538இல் மண்டபத்திற்கு அருகே வேதாளையில் நிகழ்ந்த கடற்போரில் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். அதன்பின் இக்கடலில் கப்பல் ஓட்டப் போர்த்துக்கீசியரின் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. காவலுக்கு வந்தவன் சுங்கம் தண்டுபவனாக மாறினான். எனினும் அந்நிகழ்ச்சியின் பயனாகத் தமிழுக்குக் கிடைத்த ஒன்றை இலக்கிய வட்டத்தார் மறத்தல் ஆகாது. இக்கரை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்ற அன்றீக்கே அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அவருடைய அடியார் வரலாறு 1586இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறிய பெருமை தமிழுக்கு வந்த வழி, முத்துக் கடலின் பாதுகாப்பு வழக்கினூடே வந்த வழியாகும்.

1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒல்லாந்தர் வசமாயின. இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முத்துக்குளிப்பில் எத்தனை கற்கள் இறங்குகின்றன என்பதே கணக்கு. ஒரு கல் என்றால் மூழ்குவோர்க்கான ஓர் உரிமை. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டன. இக்கரையின் மன்னர்க்கு அக்கரைப் பாரிலும் பங்கு இருந்தது. ஒரு பருவத்தில் சிப்பி தூத்துக்குடிப் பாரில் விளையும். மறு பருவத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கடலில் விளையும். எங்கே விளைந்தாலும் இரு கரையின் தோணிகளும் அங்கே கூடின. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சென்றவர்களால் மரிச்சுக்கட்டியின் வெறும் மணற்பரப்பு சில வாரங்களுக்கு ஒரு நகரமாகிவிடும். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளித்தவர்க்கும் என்பது பெருவழக்காயிற்று. பங்கு நேர்மையானதா என்பது வேறு வழக்கு. ஆனால் பங்கு உண்டு என்பது எழுத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் மூழ்குபவனுக்கு ஓர் இடம் இருந்தது. அது பின்னர் எவ்வாறு மறைந்தது என்பதே இவ்வுரை தொடர்ந்து காண வேண்டுவது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழி இந்திய விடுதலைப் போரின் களமாயிற்று. வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். ரூபாய் இருபத்தைந்து வீதம் நாற்பதாயிரம் பங்குகள், பத்து இலட்சம் மூலதனம் என்பது திட்டம். தொடக்கத்தில் பிறரிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களை ஆங்கிலக் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலால் இழந்தபோது, அவர் கொழும்பு சென்று அங்கிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி வந்தார். அந்த இக்கட்டில் கயிற்றைப் பிடித்த கை அக்கரையின் கை. பின்னர்க் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. கட்டணப் போர் மூண்டது. 1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. வாணிகக் கப்பலுக்கு ஒரு பேரரசு அஞ்சியது ஏன் என்று சிந்தித்தால், கடல்வழி யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே நாட்டின் உரிமையும் இருக்கிறது என்ற உண்மை புலப்படும். இக்காலத்தார் கடல்சார் இறையாண்மை என்று கூறுவதை வ.உ.சி. கப்பலாகவே ஓட்டிக் காட்டினார்.

கடலில் கோடு கிழிக்கும் காலம் அதன்பின் வந்தது. 1921 அக்டோபரில் சென்னை மாகாணத்துப் பேராளரும் இலங்கைப் பேராளரும் கொழும்பிற் கூடி, பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மீன்பிடி எல்லையை வரைய முயன்றனர். கச்சத்தீவு அக்கோட்டுக்குக் கிழக்கே விழுந்தது. அம்முயற்சி நிறைவுபெறவில்லை. இரு நாடுகளும் விடுதலை பெற்றபின் 1974 ஜூன் 26, 28 ஆகிய நாள்களில் இந்திராகாந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாக் நீரிணை எல்லை உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. அதன் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் திருப்பயணிகளும் பயண ஆவணமின்றித் தீவுக்குச் செல்லலாம் என்றது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் வழிவழி நுகர்ந்த உரிமைகளைத் தொடரலாம் என்றது. வழிவழி என்ற அச்சொல்லில் மூழ்கியவனும் வலை வீசியவனும் ஓரளவு எஞ்சி நின்றனர். அதே ஆண்டு ஜூலை 11ஆம் நாள் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கோடும் ஒரு துறைமுகமும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிறந்தன.

1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்குமான எல்லை வரையப்பட்டது. அன்று இந்தியாவில் நெருக்கடி நிலை. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி சனவரி 31இலேயே கலைக்கப்பட்டிருந்தது. உடன்படிக்கையுடன் இரு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீன்பிடிக் கலம் மறு நாட்டுக் கடலில் இசைவின்றி மீன் பிடித்தல் கூடாது என்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வளமான மீன்பரப்பு இந்தியாவுக்கு உறுதியாயிற்று. அது சிறிய ஆதாயம் அன்று. எனினும் முத்துக் கடலின் நடுவே ஒரு கோடு ஓடியபோது, அக்கடலின் மக்களைக் கேட்க ஒரு சட்டமன்றமும் அன்று இருக்கவில்லை என்பது வரலாறு.

கோட்டை அறியாத உயிர்கள் அக்கடலில் உண்டு. முத்துச் சிப்பியின் குஞ்சுகள் பாரில் படியுமுன் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதப்பவை. எந்தக் கரையில் பிறந்து எந்தக் கரையில் படிவதென்பதை அவை எந்த அரசையும் கேட்பதில்லை. தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளித்தது 1961இல். அதன்பின் பார்கள் அத்தகைய விளைச்சலைக் காணவில்லை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். கடல் தராததை அறிவு தந்தது. ஆயினும் பழைய பார்களை மீட்கும் ஆசை இரு கரைக்கும் இருக்குமானால், அது ஒரு கரையால் மட்டும் ஆகக் கூடியதன்று.

இரு நாட்டு உறவில் மிகக் கசப்பான பக்கம் 1987இல் எழுதப்பட்டது. சூலை 29இல் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை எந்த நாட்டின் படைக்கும் அளிப்பதில்லை என்பதும் அதனுடன் இணைந்த கடிதங்களில் இடம்பெற்றது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது, இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். தென்னிலங்கையில் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜனதா விமுக்தி பெரமுன கிளர்ந்தெழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துன்பம் ஈழத்துக் கவிதைகளில் இன்றும் ஆறாத புண். 1990 மார்ச்சில் படை திரும்பியது. மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் ஒருவரையொருவர் நம்பாத நிலையில் கயிறு இருந்தும் பயனில்லை என்பதற்கு அது சான்று.

நம்பிக்கை மீண்டும் மெல்ல மெல்லவே முளைத்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படையின் சரயு என்னும் ரோந்துக் கப்பல் இலங்கைக்குக் கைமாறி சயுர எனப் பெயர் பெற்றது. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை இரு கரையையும் விழுங்கியபோது, தன் கரையில் பிணங்கள் ஒதுங்கிய நிலையிலும் இந்தியா இலங்கைக்குக் கப்பல்களை விரைந்து அனுப்பியது. 2005இல் ஸ்லினெக்ஸ் என்னும் கூட்டுக் கடற்படைப் பயிற்சி தொடங்கியது. கோவாவில் கட்டப்பட்ட இரு ரோந்துக் கப்பல்கள் 2017, 2018ஆம் ஆண்டுகளில் இலங்கைக் கடற்படையிற் சேர்ந்தன. இதற்கிடையே 2014இல் கொழும்புத் துறைக்குச் சீன நீர்மூழ்கிக் கப்பலும், 2022 ஆகத்து மாதத்தில் அம்பாந்தோட்டைக்கு யுவான் வாங் 5 என்னும் சீனக் கப்பலும் வந்தபோது புதுதில்லி கவலை கொண்டது. சிறிய நாடு ஒன்று பெரிய அண்டை வீட்டாரை மட்டுமே நம்பி இருக்க விரும்பாது என்பதும், பெரிய நாடு தன் வாசலில் பிறர் காவல் நிற்பதைப் பொறுக்காது என்பதும் உலக இயல்பு. இவ்விரண்டையும் ஒருங்கே மதிப்பதே அரசதந்திரம்.

2024 சூனில், இந்தியாவின் அறுபது இலட்சம் டாலர் நன்கொடையில் அமைந்த கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதன் ஆளில்லா நிலையங்களுள் ஒன்று மன்னார்க் கடற்கரையின் முள்ளிக்குளத்தில் உள்ளது. பழைய முத்துக்குளிப்புப் பாசறைகள் இருந்த கரைப்பகுதி அது. ஒரு காலத்தில் கடற்கட்டி நின்று மந்திரம் ஓதிய கரையில் இன்று இடர்க்குரல் கேட்கும் கருவி நிற்கிறது. 2025 ஏப்பிரல் 5இல் இரு நாடுகளும் ஐந்தாண்டுக் காலத்திற்கான பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டன. அன்று இலங்கையின் குடியரசுத் தலைவர் அனுர குமார திசாநாயக்க. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்துக் கிளர்ந்த அதே கட்சியின் தலைவர் அவர். வரலாறு இத்தகைய திருப்பங்களை அடிக்கடி தருவதில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கையைச் சிதைத்தபோது, கடற்படை அணிவகுப்பு விழாவுக்கெனக் கொழும்பு சென்றிருந்த விக்ராந்த் கப்பலே முதலில் நிவாரணப் பொருள்களை இறக்கியது. இந்தியா அப்பணிக்குச் சாகர் பந்து எனப் பெயர் சூட்டியது. கடல்வழி உறவினன் என்பது பொருள். மைத்துனன் கையில் கயிறு கொடுத்த கரையோருக்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. பெருங்கப்பல்களுக்கிடையே நட்பு வளர்ந்த அதே ஆண்டுகளில், சிறு படகுகளுக்கிடையே பகை வளர்ந்தது. தமிழகத்து மீனவர் எல்லை கடந்ததாகச் சிறைப்படுவதும், படகுகள் பறிமுதலாவதும், உயிர்கள் பலியாவதும் நாளேட்டின் அன்றாடச் செய்திகளாயின. 2008 அக்டோபரில் சுடுதல் கூடாது என்ற புரிதல் ஏற்பட்டது. 2016இல் மீனவர் சிக்கலுக்கெனக் கூட்டுச் செயற்குழு அமைந்தது. சிறைப்பிடிப்பு நிற்கவில்லை.

இவ்விடத்தில் இக்கரையார் செவிகொடுக்க வேண்டிய ஒரு குரல் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாழும் தமிழ் மீனவர், முப்பதாண்டுப் போரில் கடலுக்குச் செல்லவே தடையுண்டு கிடந்தவர்கள். போர் ஓய்ந்து வலையை விரித்தபோது, இங்கிருந்து வந்த இழுவைப் படகுகள் அவ்வலைகளை அறுத்துச் சென்றன என்பது அவர்கள் முறையீடு. கடலின் அடித்தரையைச் சுரண்டும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. இக்கரையிலும் நாட்டுப் படகு மீனவர் அதே இழுவை மடியை எதிர்த்தே குரல் எழுப்பி வந்துள்ளனர். ஆகவே இது இரு நாடுகளின் வழக்கு மட்டுமன்று. வயிற்றுக்காகச் செல்லும் கூலி மீனவன் சிறையில் கிடக்கிறான். அவன் இழுத்த மடியால் வலையிழந்த அக்கரைத் தமிழன் கடனில் கிடக்கிறான். இருவர் வீட்டிலும் அடுப்பு எரிவதில்லை. ஒருவர் கண்ணீரை மட்டும் பாடுவது எளிது. இருவர் கண்ணீரையும் பாடுவதே நெய்தலுக்குச் செய்யும் நீதி.

பாதுகாப்பு என்ற சொல்லை இனிப் படைக்கலத்தோடு மட்டும் சேர்த்து எண்ணுதல் இயலாது. 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் சரக்குக் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி எரிந்தது. இந்தியக் கடலோரக் காவற்படையும் தீயணைப்பிற் சேர்ந்தது. கப்பலிலிருந்து சிதறிய கோடிக்கணக்கான நெகிழிக் குருணைகள் இலங்கையின் மேலைக்கரையில் வெள்ளை மணலாய்க் குவிந்தன. முத்து என்று பெயர் தாங்கிய கப்பல் முத்துப் போன்ற நஞ்சைக் கரையில் கொட்டிச் சென்றது. அத்தகைய பகைவனை எல்லைக் கோடு தடுக்காது. பவளப் பாறைகளுக்காக 1986இல் இந்தியா அமைத்த மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் இருபத்தொரு தீவுகளும் கடலரிப்புக்கு அஞ்சி நிற்கின்றன. தூத்துக்குடியை ஒட்டிய விளாங்குச்சல்லி நீரில் மூழ்கிவிட்டது.

ஆகவே ஒப்பந்தங்கள் வேண்டா என்பது முடிவன்று. ஒப்பந்தங்கள் வேண்டும். கடற்படைகள் கைகோக்க வேண்டும். ஆனால் ஒல்லாந்தனும் ஆங்கிலேயனும் எழுதிய முத்துக்குளிப்புக் கணக்கிலேயே குளிப்பவனுக்கு ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தது. விடுதலை பெற்ற இரு நாடுகள் எழுதும் கணக்கில் அவனுக்கு இடமில்லாமற் போவது முறையாகாது. இழுவை மடியை விட்டொழிக்க இக்கரை மீனவனுக்கு மாற்றுத் தொழிலும் காலமும் தருதல், வழி தவறியவனைக் குற்றவாளியாக்காமல் திருப்பியனுப்புதல், பார்களையும் பவளத்தையும் இரு நாட்டு அறிஞரும் கூடிப் பேணுதல், எந்தப் பேச்சு மேடையிலும் இரு கரை மீனவர் பேராளருக்கும் இருக்கை தருதல் ஆகியவை பாதுகாப்பு ஒத்துழைப்பின் புறம்பான சலுகைகள் அல்ல. அவையே அதன் உள்ளீடு.

இதில் எழுத்தாளர்க்கு என்ன பணி என்று கேட்கலாம். வண்ணநிலவனின் கடல்புரத்தில் 1977இல் வந்தது. ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகும் கொற்கையும் பின்னர் வந்தன. கொற்கை 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. உடன்படிக்கையின் பிரிவுகளில் இல்லாத மனிதர்கள் அந்நாவல்களில் பெயரோடும் குரலோடும் வாழ்கின்றனர். கவிஞர்களின் கடனும் அதுவே. கச்சத்தீவுக்கு இப்புறம் பிறந்த சொல்லும் அப்புறம் பிறந்த சொல்லும் ஒரே மொழியின் சொற்கள். அரசுகள் பேச மறந்ததை இரு கரைக் கவிஞர் ஒரே மொழியில் பேசிக்கொள்ள இயலும் என்பது வேறெந்த எல்லையிலும் எளிதிற் கிட்டாத பேறு. இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் மன்னார், யாழ்ப்பாணக் கடற்புரத்துக் கவிஞரையும் முத்துக்குளித்துறைக் கவிஞரையும் ஒரே அரங்கில் அமர்த்துமானால், அதுவும் ஒரு கடலுடன்படிக்கையே ஆகும்.

கீழே மூழ்கியிருப்பவனுக்குக் கடலின் அழகு தெரியாது. அரசின் பெருமை தெரியாது. கையிலுள்ள கயிறு மட்டும் தெரியும். அதை அவன் அசைக்கும்போது மேலே ஒரு கை விழித்திருக்க வேண்டும். அக்கை எந்தக் கரையின் கை என்று அவன் கேட்கப்போவதில்லை.